கொல்லிமலைக்கு ஒலி தேடி வரும் சிந்தசைசர் இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பையில் ஒலிப்பதிவுக் கருவியும் கையில் மைக்குமாக நீங்கள் வருவதை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சேலம், நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் படிக்கிறவர்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறவர்கள் என்று பலர் வருகிறீர்கள். ஆகாயகங்கை அருவியின் இரைச்சல், சோளக்காட்டுச் சந்தையின் கூச்சல், அறப்பளீஸ்வரர் கோயில் மேளம், சாமைக் காட்டில் களை பறித்துக்கொண்டே பாடுகிற பெண்களின் குரல் எல்லாம் உங்களுக்கு வேண்டியிருக்கிறது. எடுத்துப் போய், நீங்களே சால்டர் செய்து கட்டிய மாடுலர் சிந்தசைசருக்குள் விட்டுப் புது இசை செய்கிறீர்கள்.

செய்யுங்கள். இந்த மலையில் பிறந்து, மைக் செட் வாடகையும் ஆம்ப்ளிஃபையர் பழுதும் பார்த்துப் பிழைக்கிறவன் நான். பேட்ச் கேபிளின் ஒரு முனையைப் பிடுங்கி வேறொரு துளையில் செருகியதும் ஒலி தலைகீழாக மாறுகிற அந்தச் சந்தோஷம் எனக்கும் தெரியும். மலையின் ஒலி மலையோடுதான் இருக்க வேண்டும் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரி காலத்திலேயே இங்கே வந்தவர்கள் கருவிகளோடுதான் வந்தார்கள். வன்பரணர் பாடிய புறநானூற்று 152-ஆம் பாட்டில் முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒரு வாத்தியக் குழுவே நிற்கிறது. உங்கள் ஆசிலேட்டரும் ஃபில்டரும் அந்த வரிசையில் வந்து நிற்பதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் குரல் கம்பிக்குள் நுழைந்து வோல்டேஜாகி, வோல்டேஜ் எண்ணாகி, எண் மறுபடி வோல்டேஜாகித் திரும்பி வரும் வழியில் சில முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பல சமயம் அவற்றை எடுப்பது நீங்கள் இல்லை. ஒரு சிப் செய்த கம்பெனியோ, முன்பே எழுதி வைத்த ஒரு நிரலோ எடுத்துவிடுகிறது. அந்த முடிவுகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு, அவற்றில் முக்கியமான ஒன்றைப் பாடுகிறவரிடமே விட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அனலாக்கை டிஜிட்டலாக்குவதை ஒரே செயலாக நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நேரத்தை நறுக்குவது. ஓடிக்கொண்டிருக்கும் வோல்டேஜைக் குறித்த இடைவெளியில் தொட்டுப் பார்த்து, அடுத்த முறை தொடும்வரை அந்த அளவைப் பிடித்து வைத்துக்கொள்வது. இரண்டு, அளவை நறுக்குவது. பிடித்த வோல்டேஜ் எதுவாக இருந்தாலும், ஏற்கெனவே குறித்து வைத்த படிகளில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்கு நகர்த்திவிடுவது. தொலைபேசியிலும் கணினியிலும் இந்த இரண்டும் ஒரே சிப்புக்குள் ஒட்டிப் பிறந்தவைபோல் இருக்கும். மாடுலரில் மட்டும்தான் இரண்டையும் தனித்தனி மாட்யூலாகக் கையில் வாங்க முடியும். சாம்பிள் அண்ட் ஹோல்டு நேரத்தை மட்டும் நறுக்கும், அளவைத் தொடாது. குவாண்டைசர் அளவை மட்டும் படிகளுக்கு நகர்த்தும். ஆசிலேட்டருக்கு 1 வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும் என்ற கணக்கில் அந்தப் படிகள் அமைந்திருக்கும். ஒரு சாம்பிள் அண்ட் ஹோல்டையும் அடுத்து ஒரு குவாண்டைசரையும் கம்பியால் இணைத்துவிட்டால் மேசை மேலேயே ஓர் அனலாக் டிஜிட்டல் மாற்றியின் உடல் வந்துவிடுகிறது. எண் எழுதுவது ஒன்றுதான் பாக்கி. இதைப் புரிந்துகொள்ள மாடுலரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சிப்புக்குள் எண் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நம் சோளக்காட்டுச் சந்தையின் தட்டுத் தராசே போதும். ஒரு பக்கம் மிளகு மூட்டை. மறுபக்கம் முதலில் பெரிய எடைக்கல்லை வைக்கிறீர்கள். மிளகு கனமாக இருந்தால் கல் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அடுத்து அதில் பாதிக் கல், பிறகு அதிலும் பாதி. ஒவ்வொரு கல்லுக்கும் இருக்கட்டும் அல்லது எடுத்துவிடலாம் என்ற ஒரே ஒரு பதில், அதாவது 1 அல்லது 0. 12 கல் வைத்துப் பார்த்தால் 12 பிட் எண் கிடைத்துவிடும். மைக்ரோகன்ட்ரோலர்களில் இருக்கும் மாற்றிகள் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கின்றன. நிறுத்து முடிக்கும்வரை மூட்டையிலிருந்து மிளகு உதிரக் கூடாது என்பதற்காகத்தான் அளப்பதற்கு முன்பே வோல்டேஜைப் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

இந்த இரண்டில் நேரத்தை நறுக்குவதைப் பற்றி முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். டிஜிட்டல் என்றால் படிக்கட்டு, அனலாக் என்றால் வழுவழுப்பான வளைவு என்று ஒரு படம் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் படம் பலரைக் கெடுத்திருக்கிறது. ஓர் ஒலியில் இருக்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் வேகத்தில் தொட்டுப் பார்த்தால், புள்ளிகளுக்கு நடுவில் இருந்த வளைவு முழுவதையும் திரும்ப வரைந்துவிடலாம். 1928-இல் நைக்விஸ்ட், 1933-இல் ரஷ்யாவின் கோதெல்னிகோவ், 1949-இல் ஷானன் என்று பலர் கைபட்டு உறுதியான கணக்கு அது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அதனால் 1982-இல் வந்த சிடி நொடிக்கு 44,100 முறை தொடுகிறது. இந்த 44,100 என்ற விசித்திர எண், அப்போது டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்ததால் வந்தது. ஒரு வீடியோ களத்துக்கு (ஃபீல்டு) 245 வரி, நொடிக்கு 60 களம், வரிக்கு 3 புள்ளி. பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையோடு வருகிறது. பாதி வேகத்துக்கு மேலே உள்ள ஒலியைத் தொடுவதற்கு முன்பே வடிகட்டிவிட வேண்டும். கடையில் வாங்குகிற ஒலிப்பதிவுக் கருவியில் அந்த ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. நீங்கள் ஆர்டுயினோவை வைத்துக் கட்டும் மாட்யூலில் அது இருக்காது, நீங்கள்தான் போட வேண்டும். போடாவிட்டால் என்ன ஆகும்? நொடிக்கு 20,000 முறை தொடும் ஒரு மாட்யூலுக்குள் 1,100 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலையை விடுங்கள். அதன் பத்தாவது மேற்சுரம் 11,000. அது பாதி வேகமான 10,000-ஐத் தாண்டிவிட்டதால் மடங்கி 9,000 ஆகத் திரும்பி வரும். 8,800-க்கும் 9,900-க்கும் நடுவே, எந்தச் சுரத்தோடும் உறவில்லாமல் நிற்கும். சுருதியை 1,150-க்கு ஏற்றினால் அந்தப் பொய் ஒலி 8,500-க்கு இறங்கும். மேலே போகிற பாட்டுக்குள் கீழே போகிற ஓர் ஆவி. வேண்டுமென்றே செய்தால் அதுவும் இசைதான், நானும் ரசித்திருக்கிறேன். மலையில் பதிந்த ஒரு பாட்டியின் குரலுக்குள் தெரியாமல் அது நுழைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், ஓர் ஆப் ஆம்ப் இருந்தால் ஓரளவுக்குத் தடுத்துவிடலாம். அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இன்னொன்று. ஒலியைத் தொடுவதற்கு வேண்டிய வேகம் கட்டுப்பாட்டு வோல்டேஜுக்கு வேண்டாம். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸும் ரிச்சர்ட் மூரும் குரூவ் என்ற அமைப்பைக் கட்டினார்கள். கணினி ஒலியைக் கணக்கிடவில்லை. அன்றைய கணினிக்கு அந்த வேகம் கிடையாது. அனலாக் ஆசிலேட்டர்களையும் ஃபில்டர்களையும் ஆட்டுவிக்கும் வோல்டேஜை மட்டும் எண்ணாக வைத்திருந்து வெளியே அனுப்பியது. வாசிப்பவர் கை அசையும் வேகத்துக்கு நொடிக்கு 100, 200 முறை போதுமானதாக இருந்தது. 1970-களில் லோரி ஸ்பீகல் அதில்தான் தன் தொடக்ககால இசையைச் செய்தார். இன்று உங்கள் மேசையில் இருக்கும் ஒவ்வொரு டிஜிட்டல் மாட்யூலுக்கும் அது முன்னோடி. நம் கமகம் நொடிக்குச் சில தடவை மட்டுமே அசையும் ஒன்று. அதை நொடிக்கு 500 முறை தொட்டால் ஒரு நெளிவும் விட்டுப் போகாது. வேகம் நம் எதிரி கிடையாது.

எதிரி அளவை நறுக்குகிற இரண்டாவது வேலையில் இருக்கிறது.

ஒரு ஸ்தாயியை 1,200 சென்ட்டாகப் பிரித்து அளப்பார்கள். ஒரு ஸ்தாயி 1 வோல்ட் என்றால் 1,200 சென்ட் 1 வோல்ட், அதாவது 1 மில்லிவோல்ட் 1.2 சென்ட். ஆர்டுயினோ ஊனோவில் இருக்கும் 10 பிட் மாற்றி 5 வோல்ட்டை 1,024 படியாக நறுக்குகிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட், அது கிட்டத்தட்ட 6 சென்ட். பழகிய காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும். யூரோராக் என்ற மாடுலர் வடிவத்தில் ஓடும் மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரையான வோல்டேஜை அதே 5 வோல்ட்டுக்குள் சுருக்கி அனுப்பினால் படி இரட்டிப்பாகி 12 சென்ட்டைத் தொட்டுவிடும். 10 வோல்ட் வீச்சுக்கு 12 பிட் என்றால் 3 சென்ட், 16 பிட் என்றால் 0.2 சென்ட்டுக்கும் கீழே. ஆகவே சுருதி வோல்டேஜைத் தொடும் இடத்தில் பிட்டுக்குப் பஞ்சம் வைக்காதீர்கள். வெளியே வரும் பக்கம் எம்சிபி4822 என்ற சின்ன சிப் 4.096 வோல்ட்டை 4,096 படியாகத் தரும், ஒரு படிக்குச் சரியாக 1 மில்லிவோல்ட். மாணவர் கைக்கு எட்டும் விலையில் இதைவிட வசதியான கணக்கு கிடைக்காது. ஆனால் இந்த மாதிரி சிப்பிலிருந்து வரும் வோல்டேஜுக்குப் பின்னால் ஒலி மாற்றிகளில் இருப்பதுபோல் ஃபில்டர் இருக்காது. இங்கே படிக்கட்டு உண்மையிலேயே வெளியே வரும். அதை நேரே ஃபில்டரின் கட்டுப்பாட்டுத் துளைக்குள் விட்டால் மெதுவாக ஏறும் ஒலியில் கரகரப்பு கேட்கும். நடுவில், வோல்டேஜ் மாறும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஸ்லூ லிமிட்டர் வையுங்கள்.

இதெல்லாம் சிறிய படிகள். பெரிய படி குவாண்டைசரில் இருக்கிறது, நான் இந்த மடலை எழுதக் காரணமும் அதுதான்.

குவாண்டைசர் மாட்யூலை வாங்கி மின்சாரம் கொடுத்ததும் பெரும்பாலும் 1 வோல்ட்டை 12 சமப் படியாக வெட்டும், ஒவ்வொன்றும் 83.3 மில்லிவோல்ட். பியானோவின் சுரம். இப்போது களை பறிக்கும் பெண் பாடியதை எடுத்து, சுருதியைக் கண்டறியும் மாட்யூல் வழியே வோல்டேஜாக்கி, குவாண்டைசருக்குள் விடுகிறீர்கள். அவர் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும். போன இடத்திலும் நிற்காது, அதைச் சுற்றி அசைந்துகொண்டிருக்கும். குவாண்டைசர் அந்த அசைவைப் பார்த்துவிட்டு இரண்டு சாவிகளை மாற்றி மாற்றித் தட்டும் ஒரு கை என்று முடிவு கட்டிவிடுகிறது. நெளிவு போய்விட்டது. நறுக்கிய இரண்டு துண்டு மட்டும் மிஞ்சுகிறது. கேட்கிறவர்கள் பழங்குடிப் பாட்டின் டிஜிட்டல் வடிவம் என்று கைதட்டுவார்கள். பாடியவர் கேட்டால் தன் பாட்டு என்று அடையாளம் காண மாட்டார்.

இந்த மலையின் பெயரைத் தாங்கிய ஒரு பண் தேவாரத்தில் இருக்கிறது. கொல்லி. கொல்லிக்கௌவாணம் என்றும் ஒன்று உண்டு. ஓதுவார்கள் இன்று கொல்லிப் பண்ணை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நடு ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு மேலே போகாமல், கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கி நிற்கும் ராகம். ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடுவதால் எளிது என்று தோன்றும், 1 வோல்ட்டில் முடிந்துவிடும். அதில் வரும் அந்தர காந்தாரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தம்புராவின் தந்தி தன் ஐந்தாவது மேற்சுரமாகப் பாடிக் காட்டும் காந்தாரம் சட்ஜத்திலிருந்து 386 சென்ட். குவாண்டைசரின் காந்தாரம் 400. வித்தியாசம் 14 சென்ட், 12 மில்லிவோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. தம்புராவோடு சேர்ந்து பாடிப் பழகிய குரலை அந்த 12 மில்லிவோல்ட் தள்ளி நிறுத்துவது சின்ன விஷயம் அல்ல. அந்த இடத்தில் தம்புராவும் பாட்டும் உராயும்.

சாதனம் நம்மைக் கட்டிப் போடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்னமென்ட் அண்ட் கிரைம் என்ற திறந்தமூல மாட்யூலில் படிகளை நாமே திருத்தி எழுதலாம். அதன் வெளியீடு 16 பிட், நான்கு சேனல். மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற பெயரில் எமிலி ஜிலே வெளியிட்ட மாட்யூல்களின் சர்க்யூட்டும் நிரலும் யாரும் படிக்கும்படி திறந்து கிடக்கின்றன. 2022-இல் அந்த நிறுவனம் மூடிய பிறகும் அவை அப்படியே இருக்கின்றன. வோல்டேஜை எப்படிச் சுருக்கி, நகர்த்தி, டயோடு போட்டுக் காப்பாற்றி சிப்புக்குள் அனுப்புவது என்பதற்கு அந்தச் சர்க்யூட்டைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. காசு இல்லாதவர்கள் விசிவி ராக் என்ற இலவச மென்பொருளில் தொடங்கலாம். கமகத்தை நம் கையாலேயே வளைக்க வேண்டுமென்றால் அதற்கும் முன்னோர் உண்டு. கீபோர்டில் கர்னாடக சங்கீதம் வாசிக்கும் சத்தியநாராயணன் இடது கையில் பிட்ச் பெண்டரைப் பிடித்தபடி வாசிப்பதைக் கவனியுங்கள். 1983-இல் வந்த மிடி என்ற முறை சுரத்தை 128 சாவியாக வெட்டினாலும், அந்தப் பெண்டர் சக்கரத்துக்கு 16,384 படிகள் வைத்தது. அவர் பாட்டு அந்தச் சக்கரத்தில் குடியிருக்கிறது.

ஆனால் சுர அட்டவணையைத் திருத்தி எழுதினால் மட்டும் போதாது. 386-ஐ எழுதி வைத்தாலும் அது நின்றுகொண்டிருக்கும் ஒரு புள்ளி. கமகம் போக்கு. எத்தனை புள்ளி வைத்தாலும் போக்கு அதில் சிக்காது. அதற்கு நான் செய்து பார்த்து மனம் நிறைந்த ஒரு பேட்ச் இருக்கிறது, தயவுசெய்து நீங்களும் செய்யுங்கள்.

குரலிலிருந்து வந்த சுருதி வோல்டேஜை மல்டிபிளில் இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றைக் குவாண்டைசருக்குள் விடுங்கள். வெளியே வருவதை இன்வெர்ட்டரில் தலைகீழாக்கி, பிரித்து வைத்த இன்னொன்றோடு மிக்ஸரில் சேருங்கள். கூட்டினால் கிடைப்பது குவாண்டைசர் தூக்கி எறிந்த பகுதி மட்டும். 12 சமப் படி என்றால் அது மேலே 42 மில்லிவோல்ட், கீழே 42 மில்லிவோல்ட்டுக்குள் ஆடும். 24 மடங்கு பெருக்கினால் ஏறக்குறைய 1 வோல்ட் ஆகிவிடும், ஆசிலோஸ்கோப்பில் வசதியாகப் பார்க்கலாம். அந்தக் கோட்டைப் பாருங்கள். சுரங்களுக்கு நடுவில் குரல் போன பாதை அதில் ஓடும். படி தாண்டும் இடங்களில் அது ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வெட்டித் தாவும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த எச்சத்தை ஒரு கதாபாத்திரம்போல் நடத்தலாம். ஃபில்டரைத் திறக்க விடலாம், எதிரொலியின் நீளத்தை மாற்ற விடலாம். பெருக்காத எச்சத்தைக் குவாண்டைசருக்குப் பின்னால் மறுபடி கூட்டிவிட்டால் முழுக் குரலும் திரும்பி வந்துவிடும். எவ்வளவு சேர்ப்பது என்பது ஒரு குமிழில் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் பியானோ, மறுபக்கம் திருப்பினால் பாடியவர். அந்தக் குமிழைப் பாடியவர் கையில் கொடுங்கள். மாற்றத்தின் முக்கியமான முடிவை அவரிடம் விடுங்கள் என்று மேலே சொன்னது இதைத்தான்.

மேளத்துக்கும் ஒரு வார்த்தை. தோலின் விளிம்பில் பீசோ வில்லையை ஒட்டி, கம்பேரேட்டர் வழியே கேட் சிக்னலாக மாற்றுகிறீர்கள். அது 1 பிட் மாற்றம். அடி விழுந்தது, விழவில்லை, அவ்வளவுதான். பலமான அடிக்கு வில்லையிலிருந்து பல வோல்ட் துள்ளி வரும். டயோடு போடாவிட்டால் சிப் போய்விடும். கம்பேரேட்டருக்கு ஹிஸ்டரிசிஸ் வைக்காவிட்டால் ஓர் அடி இரண்டாக எண்ணப்படும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும், கீழே நாமக்கல், சேலம் பக்கத்துத் திருவிழாக்களில் முழங்கும் உறுமியின் தோலில் வளைந்த குச்சி தேய்ந்து எழுப்பும் அந்த உறுமல் கேட் சிக்னலுக்குள் வராது. அதற்கு அடி என்ற ஒன்றே கிடையாது, தேய்ப்புதான். அங்கே என்வலப் ஃபாலோயரை வைத்து வோல்டேஜாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் மலை மேல் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் ஆசிலேட்டரின் சூட்டையும் நினைவில் வையுங்கள். வோல்டேஜை ஸ்தாயியாக மாற்றும் டிரான்சிஸ்டர் ஜோடி டிகிரிக்கு 0.33 சதவீதம் நகரும். நாமக்கல்லில் பகல் 35 டிகிரியில் சுருதி சேர்த்த ஆசிலேட்டர் இங்கே இரவு 20 டிகிரியில் 5 சதவீதம் விலகி நிற்கும். மூன்று ஸ்தாயி தள்ளி வாசித்தால் அது 180 சென்ட், கிட்டத்தட்ட இரண்டு அரைச்சுரம். இதைத் திருத்தத்தான் 3,300 பிபிஎம் டெம்ப்கோ ரெசிஸ்டர் வைப்பார்கள். குவாண்டைசர் எவ்வளவு துல்லியமாக வோல்டேஜ் கொடுத்தாலும், வாங்கிக்கொள்கிற ஆசிலேட்டர் குளிரில் இருந்தால் பயன் இல்லை. வந்ததும் அரை மணி நேரம் கருவியை மலைக் காற்றுக்குப் பழக விடுங்கள்.

நம் நாட்டில் இந்த வேலைக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அது உங்களுக்குப் பெருமை தர வேண்டும். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் மாடுலரும் டேப் இயந்திரங்களும் வந்து இறங்கின. நிறுவிக் கொடுத்தவர் டேவிட் டியூடர், அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் இசையை மேடையேற்றிய பியானோக் கலைஞர். அவர் வரக் காரணமாயிருந்த கீதா சாராபாய் 1946-இலேயே நியூயார்க்கில் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையைக் கற்றவர். ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்த ஸ்டுடியோவில் சில ஆண்டுகள் டேப் டேப்பாக இசை செய்தார்கள். பிறகு எல்லாம் மறக்கப்பட்டது. பல பத்தாண்டு கழித்து பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அந்த நிறுவனத்தின் ஆவணக்காப்பகத்தில் டேப்புகளைக் கண்டெடுத்தார். எண்ணாக மாற்றப்பட்டு 2023-இல் ஒரு தொகுப்பாக வெளிவந்தன. முழுக்க அனலாக்கில் பிறந்த இசை, டிஜிட்டலாக மாறியதால்தான் இன்று உங்கள் காதுக்கு வந்திருக்கிறது. டேப்பின் மேல் பூசிய காந்தத் துகள் காலப்போக்கில் உதிரும். எண்ணைப் படியெடுத்துக்கொண்டே இருக்கலாம்.

அதனால்தான் நீங்கள் இங்கே பதிவதை நான் வரவேற்கிறேன், பதிவதற்குச் சில கோரிக்கைகளும் வைக்கிறேன். 24 பிட்டில் பதியுங்கள், அளவைத் தாழ்வாக வையுங்கள். எதிர்பாராமல் ஓர் இடி விழுந்தாலும் மேலே இடம் இருக்கும். காற்றும் சில்வண்டும் கேட்கிறதே என்று வருந்த வேண்டாம். 16 பிட்டுக்கு இறக்கும்போது படிகளின் கூர்மையை மழுக்கப் பொறியாளர்கள் டிதர் என்று கொஞ்சம் இரைச்சலை வேண்டுமென்றே கலப்பார்கள். மலை அந்த இரைச்சலை ஏற்கெனவே கலந்து கொடுத்திருக்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று மென்பொருளால் துடைத்தால் குரலின் ஓரமும் சேர்ந்து போகும். துடைக்காத மூலத்தை முதலில் பத்திரப்படுத்துங்கள்.

பாடுகிறவரிடம், இந்தக் குரலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஹெட்போனில் போட்டுக் காட்டி, கேட்டுச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சாமி பாட்டு, சாவுப் பாட்டு எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் ஒலிக்க விட முடியாது. எது எங்கே பாடலாம் என்பதில் ஒவ்வொரு நாட்டாருக்கும் ஒரு முறை இருக்கிறது (நாடு என்று நாங்கள் சொல்வது மலையின் ஊர்த் தொகுதியை). நீங்கள் வெளியிடும் இசையில் பாடியவர் பெயரும் ஊர்ப்பெயரும் அவர் விரும்பினால் முதல் வரியில் வரட்டும். காசு வந்தால் அவருக்கும் வரட்டும். பதிந்ததில் ஒரு நகலை, திருத்தாமல், மெமரி கார்டில் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள், அது ஒலியை நசுக்கி அனுப்பிவிடக்கூடும்.

ஆடி 17, 18 தேதிகளில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும். மலையின் பல நாடுகளிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவார்கள், சேர்வையாட்டமும் இருக்கும். ஆனால் அந்த இரண்டு நாளும் கூட்டமும் ஒலிபெருக்கியும் அதிகம், பதிவதற்கு ஏற்ற நேரம் அது அல்ல. ஆட்களைப் பழகிக்கொள்ள அப்போது வாருங்கள். பதிவதற்கு அறுவடைக் காலத்தில் திரும்பி வாருங்கள். பிளஸ், மைனஸ் 12 வோல்ட் சப்ளைக்கு பேட்டரி கையோடு இருக்கட்டும். என் கடையில் இரண்டு சேனல் ஆசிலோஸ்கோப் இருக்கிறது. உங்கள் குவாண்டைசரையும் மிக்ஸரையும் கொண்டு வந்தால், பாடிய அக்காவையோ அண்ணனையோ கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் குரலின் எச்சத்தை அவருக்கே திரையில் காட்டலாம். எந்தச் சுரம் எங்கே நிற்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல அட்டவணையில் எழுதிக்கொள்ளலாம்.

அன்புடன்,
செம்மேட்டிலிருந்து ஒரு மைக் செட்காரன்